பெரியவர் பேசாமல் இருந்த வாரம்

மிலாத்சோ
ஜூன் 9

தம்பி ஒனோஃப்ரியோவுக்கு,

நலமா என்று விசாரித்துவிட்டுத்தான் திட்ட வேண்டும். விசாரித்தாயிற்று. இனி படி.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். உன் வீட்டில் போன் இல்லை. துறை ஓரத்துக் காப்பிக்கடைப் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால், அது உன் காதுக்கு வருவதற்குள் ஸ்ட்ரோம்போலித் தீவையே ஒரு சுற்று சுற்றிவிடும். இது உன் காதுக்கு மட்டும் போக வேண்டிய சங்கதி.

என் மகளை நீ எந்த வேலைக்கு வைத்திருக்கிறாய்? கரையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற வேலை என்று சொல்லித்தான் ஒர்னெல்லா மே மாதம் கப்பல் ஏறினாள். நேற்று மீன் வாங்கப் போன இடத்தில் லிபாரித் தீவுக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு போட்டுல நின்னு மைக்ல பேசறதைக் கேக்கணுமே! ஜெர்மன்காரன்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கான்" என்று பூரித்துப் போகிறாள். எனக்குக் கையிலிருந்த நெத்திலிப் பொட்டலம் நழுவிவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னால், சாரோ மகராசர் செய்தித்தாளை இறக்காமலே, "மாமன்கூடத்தானே போறா" என்கிறார். அவருக்கென்ன, மிலாத்சோவில் பிறந்தவர். நெருப்பு மலையைத் தூரத்திலிருந்து அழகு பார்த்தவர். நானும் நீயும் அதன் அடிவாரத்தில் பிறந்தவர்கள். அதைப் பெரியவர் என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். பேரைச் சொன்னால் அவருக்குக் கேட்டுவிடும் என்று பயந்து வளர்ந்தவர்கள்.

இன்னொன்று. இங்கே துறையில் உன் துண்டுத்தாள் ஒன்று கிடந்தது. உன் படகு மரியூத்சாவின் படம் போட்டு, கீழே கொட்டை எழுத்தில்: "வெடிப்பைப் பார்க்காவிட்டால் பணம் வேண்டாம்." யாருடைய மூளையில் உதித்ததடா இது? பெரியவர் கால்மணிக்கொரு தரம் நெருப்பைத் துப்பிக்கொண்டு ஒழுங்காக இருக்கிற நாளில், உன் ஆட்கள் போனதும் பார்ப்பார்கள், நீயும் சீக்கிரம் திரும்பிவிடுவாய். அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கிற நாளில்தான் நீ காத்துக் கிடப்பாய். பார்த்தே தீர வேண்டும் என்று இன்னும் கிட்டே போவாய். அவர் வாயை மூடினால் நம் ஊரில் என்ன செய்வோம்? அடுத்து வரும் பெரிய வெடிப்பில் கண்ணாடி சிதறாமல் இருக்க ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருப்போம். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ அதற்கு நேர்மாறாக ஒரு தொழிலைக் கண்டுபிடித்திருக்கிறாய்.

அவளைப் படகிலிருந்து இறக்கு. முடியாது என்றால், துறைமுகக்காரர்கள் போட்ட எல்லைக்குள் போகமாட்டேன் என்றாவது எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அக்கா,
அகத்தினா


ஸ்ட்ரோம்போலி
ஜூன் 15

அக்கா,

உன் கடிதத்தைத் தபால்காரர் துறையில் எல்லார் முன்னாலும் நீட்டினார். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே, "உக்காந்து படிடா, நின்னுக்கிட்டுப் படிச்சா மயக்கம் வரும்" என்றான் நீனோ. தெரியுமல்லவா அவனை, என்னைவிடப் பெரிய படகு வாங்கிவிட்ட திமிரில் நடக்கிறவன். அவனுக்கு எதிரில் சிரித்துக்கொண்டே படித்தேன்.

டிக்கெட் கிழிக்கத்தான் அவளை வரச்சொன்னேன். அது நிஜம். இரண்டாவது வாரம், பிரெஞ்சுக்காரக் கூட்டம் ஒன்று என் இத்தாலியன் புரியாமல் விழித்தது. கரையில் இருந்தவள் தானாக ஏறி வந்து பேச ஆரம்பித்தாள். அன்றைக்குப் பிறகு இறங்கமாட்டேன் என்கிறாள். நான் என்ன, பிடித்துக் கடலில் தள்ளவா? அந்த விளம்பர வாசகமும் அவள் மூளைதான். மூன்று மொழியில் அவளே எழுதினாள். நீனோ இப்போது அதையே காப்பியடித்து நாலு மொழியில் போட்டிருக்கிறான்.

எல்லை எல்லை என்கிறாயே, அந்த எல்லையை வந்து பார். துறைமுக அலுவலகம் கரையிலிருந்து இத்தனை தூரம் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. தண்ணீரில் ஒரு மிதவைகூட இல்லை. பொழுது சாய்ந்ததும் தீவிலிருக்கும் படகுகள் எல்லாம் நெருப்புச் சரிவுக்கு எதிரே போய் நிற்போம். விளக்கை அணைப்போம், எஞ்சினை நிறுத்துவோம். நிறுத்தினால்தான் மேலே அவர் மூச்சு விடுவது கேட்கும். கல் உருண்டு வந்து கடலில் விழுந்து சுர்ரென்று அணைகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு ஜனங்கள் அழுகிறார்கள் அக்கா, நிஜமாகவே அழுகிறார்கள். அந்த நேரத்தில் நீரோட்டம் படகைக் கொஞ்சம் உள்ளே தள்ளும். நான் போவதில்லை, தண்ணீர் கொண்டுபோகிறது. எல்லாரையும் கொண்டுபோகிறது.

ஆனாலும் நீ கேட்டதால் சொல்கிறேன். எல்லைக்குள் போகமாட்டேன். அம்மாமேல் சத்தியம். சோற்றைத் தின்னு.

ஒனோஃப்ரியோ


மிலாத்சோ
ஜூலை 2

தம்பி,

செத்துப்போன அம்மாவை ஏன் இதில் இழுத்தாய்? பாவம், அவள் உன்னை நம்பிக்கொண்டுதான் கண்ணை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை துறையில் வேலையாக இருந்த உன் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பெஞ்சில் ஒரு ஜெர்மன் தம்பதி, தீவிலிருந்து வந்து இறங்கியவர்கள், உடனடிப் படம் எடுக்கிற கேமராவில் எடுத்த படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஒரு படத்தில் என் மகள். மைக் கையில், முகமெல்லாம் சிரிப்பு. அவள் முதுகுக்குப் பின்னால் சரிவு. சரிவு என்றால் தூரத்துக் கறுப்பு இல்லை ஒனோஃப்ரியோ, சிவந்த கற்கள் உருண்டு வருவது ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அந்த இடத்திலிருந்து எடுத்தால்தான் அப்படித் தெரியும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்தப் பெண்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, படம் பிடித்திருக்கிறதாக்கும் என்று நினைத்து எனக்கே கொடுத்துவிட்டாள். அடுக்களை அலமாரிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஒர்னெல்லா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். வீட்டுக்கு வா என்றேன். "எனக்கு இருபத்திமூணு வயசும்மா, இன்னும் கையைப் புடிச்சு ரோடு கிராஸ் பண்ணி விடுவியா?" என்று வைத்துவிட்டாள்.

நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். சின்னதிலிருந்து அவளுக்கு நீதான் எல்லாம். திருப்பி அனுப்பு. வருத்தப்பட்டால் படட்டும்.

அகத்தினா


ஸ்ட்ரோம்போலி
ஜூலை 11

அக்கா,

படத்தில் எல்லாம் கிட்டத்தில்தான் தெரியும். அந்தக் கேமராக்களின் லட்சணம் அப்படி. இதற்குமேல் அந்தப் பேச்சு வேண்டாம். மிலாத்சோவில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் படகோட்டச் சொல்லித்தராதே. பள்ளிக்கூடச் சமையலறையில் பாஸ்தா எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்று நான் என்றைக்காவது உனக்குச் சொல்லியிருக்கிறேனா?

ஒர்னெல்லாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அம்மாவுக்கு எழுதி, நான் திட்டினேன்னு சொல்லிடுங்க மாமா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆகையால் எழுதுகிறேன், திட்டினேன்.

இந்த வாரம் தொழில் சரியில்லை. திங்கட்கிழமையிலிருந்து பெரியவர் பேசவில்லை. கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அடுத்தடுத்து இரண்டு மாலை, வந்தவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நீனோ திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் இன்னும் உள்ளே போய் நின்று, சின்னதாக ஒன்றைப் பார்த்துவிட்டான். மறுநாள் காலை காப்பிக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான், என்னைப் பார்த்துக்கொண்டே.

தேவாலயத்தை ஒட்டிய தெருவில் ஜன்னல்களைத் திறந்து போட்டிருக்கிறார்கள். காலையில் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் திறந்துவிட்டேன்.

இன்றைக்கும் படகு நிறைய ஆள் இருக்கிறது. ஒர்னெல்லா கரையில் நின்று பெயர் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு எஞ்சினை நிறுத்தவேண்டாம் என்று ஒரு யோசனை. பார்க்கலாம். தபால்பை கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

ஒனோஃப்ரியோ


மிலாத்சோ
ஜூலை 16

ஒனோஃப்ரியோ,

என்ன நடந்தது?

உன் கடிதம் வந்த அன்றைக்கே என் மகளும் வந்தாள். முதல் கப்பலில், சொல்லாமல் கொள்ளாமல். இடது கை முழங்கைவரை கட்டு. உன் வீட்டில் கத்தரிக்காய் வறுக்கும்போது எண்ணெய் கொட்டிவிட்டதாம். இவள் கத்தரிக்காய் வறுத்து நான் பார்த்ததே இல்லை. சரி என்று தலையாட்டினேன்.

அவள் தூங்கின பிறகு பையைத் திறந்து துணிகளை ஊறவைக்க எடுத்தேன். மழைக்கோட் அடியில் சுருட்டிக் கிடந்தது. முதுகெல்லாம் ஓட்டை. பயறு அளவில், கடலை அளவில், ஓரமெல்லாம் உருகிச் சுருண்ட ஓட்டைகள். வாணலி எண்ணெய் முதுகில் ஏன் கொட்டுகிறது? அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் வந்து பார்த்தார். செய்தித்தாள் மனிதர், தாளை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பதினோராம் தேதி மாலை பெரிய வெடிப்பு என்று ரேடியோவில் சொன்னார்கள். தீவில் வீடுகளுக்குச் சேதமில்லை என்றார்கள். படகுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. வலது காதில் இவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. எதிர்க்கடைக்காரன் ஷட்டரை இழுத்தால் மேஜைக்கடியில் குனிகிறாள், பிறகு எதையோ தேடுகிற மாதிரி நடிக்கிறாள். நானும் கவனிக்காத மாதிரி நடிக்கிறேன்.

இங்கே வராதே. உன்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. எழுது.


ஸ்ட்ரோம்போலி
ஜூலை 20

அக்கா,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு எல்லாப் படகும் போயிருந்தது. எங்கள் எல்லாருக்கும் முன்னால் நீனோ நின்றான். அரைமணி காத்தோம், ஒன்றுமில்லை. ஆட்கள் நெளிய ஆரம்பித்தார்கள். திரும்பிவிடலாமா, இருக்கலாமா என்று நானாக முடிவெடுக்கவில்லை. இதை நீ கவனித்துப் படிக்க வேண்டும். ஒர்னெல்லாவை எல்லாருடைய மொழியிலும் கேட்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க் காத்திருக்கச் சம்மதமா, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டாள். ஒருத்தரைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். படிப்பாளிகள், வக்கீல்கூட ஒருவர் இருந்தார். அவர்கள் கேட்டார்கள், நான் போனேன்.

எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தவேண்டாம் என்று நினைத்திருந்தேன், ஆனால் ஓடவிட்டால் அந்த அமைதி கிடைக்காதே.

முதலில் சத்தம் வரவில்லை அக்கா. வெளிச்சம்தான் வந்தது. கடல் முழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. என் கை சாவியில் இருந்தது. எஞ்சின் முதல் திருப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பிடித்தது. அதற்குள் மேலேயிருந்து நெருப்புக்கல் விழ ஆரம்பித்துவிட்டது. கூடாரத்துணி பற்றிக்கொண்டது. ஒர்னெல்லா ஒரு குழந்தையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அதனால்தான் முதுகில் ஓட்டை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. கை தூக்காத அந்தப் பெண்மணிக்குத்தான் தோளிலும் தலையிலும் காயம். லிவியா என்று பெயர், திரியெஸ்தேக்காரர், தனியாக வந்தவர். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். வேறு யாருக்கும் பெரிதாக இல்லை. மாதா காப்பாற்றினாள்.

அந்த வக்கீல் புகார் எழுதிப் போட்டுவிட்டார். முப்பதாம் தேதி லிபாரியில் விசாரணை. படகுக்காரர்கள் எல்லாம் நீனோவின் வலைக்கொட்டகையில் கூடினோம். எல்லாரும் எல்லைக்கு வெளியேதான் நின்றோம், கற்கள் அவ்வளவு தூரம் வந்தன என்று சொல்வதாக முடிவு. ஒருத்தர் மாற்றிச் சொன்னாலும் எல்லாருடைய லைசென்ஸும் போகும். இந்தத் தீவில் குளிர்காலத்தில் தின்ன வேறு என்ன இருக்கிறது?

ஒர்னெல்லாவுக்கும் அழைப்பு வரும். அவளும் அதையே சொன்னால் விஷயம் முடிந்துவிடும். நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசு. உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்கிறேன்.

ஒனோஃப்ரியோ


மிலாத்சோ
ஜூலை 24

ஒனோஃப்ரியோ,

என் மகளுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தரச் சொல்கிறாய். அந்தக் கஷ்டம் எனக்கு வேண்டாம், அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறாள். "நாங்க வெளியதான் சார் நின்னோம். மாமா என்னைக்கும் உள்ள போனதில்ல." அடுக்களையில் இருக்கிற எனக்குக் கேட்கிறது. மைக்கில் பேசிப் பழகினவள் அல்லவா, நன்றாகச் சொல்கிறாள். நானே நம்பிவிடுவேன் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கோழிச்சாறு வைத்து எடுத்துக்கொண்டு, யாரென்று சொல்லாமல், தேவாலயத்திலிருந்து வருவதாகப் பொய் சொல்லிக்கொண்டு போனேன். பார், நம் குடும்பத்தில் எல்லாருக்குமே வாய்க்கிறது. அந்த லிவியா அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் பாதி முடி இல்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறாராம். ஸ்பூனால் ஊட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்ததாம், அதனால் உன்னிடமே நேராகக் கேட்டாராம். மலை இவ்வளவு அமைதியாக இருப்பது நல்லதுதானே என்று. நீ என்ன பதில் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? உன் கடிதத்தில் அதைக் காணோமே.

"நல்லதுதாம்மா, பயப்படாதீங்க." அப்படித்தான் சொன்னாயாம்.

காலையில் உன் வீட்டு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வந்த வாயால்.

அந்த அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. படகோட்டிக்கு அடிபடவில்லையே என்று என்னிடம் கேட்டார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன், அங்கே நிற்க முடியவில்லை.

கை தூக்கினார்கள், கை தூக்கினார்கள் என்று எழுதியிருக்கிறாய். எதற்குத் தூக்குகிறோம் என்று அவர்களுக்கு யார் சொன்னது? பெரியவர் வாயை மூடினால் என்ன அர்த்தம் என்று அந்தப் படகில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் நீ. இன்னொருத்தி என் மகள், அவள் நீ சொன்னதை அப்படியே அழகாக மூன்று மொழியில் சொன்னாள். அவளை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அவளுக்கும் என்னிடம் திட்டு பாக்கி இருக்கிறது. ஆனால் முதலில் அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

இப்போது நான் எழுதுவதை நிதானமாகப் படி. முப்பத்தொன்றாம் தேதிக்கு அவள் தீவுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறாள். விசாரணை முடிந்த மறுநாளே. "மாமாவால என்னை விட்டா சமாளிக்க முடியாதும்மா, சீசன் இன்னும் முடியலை" என்கிறாள். ஷட்டர் சத்தத்துக்கு மேஜைக்கடியில் குனிகிறவள். நீனோவும் மற்றவர்களும் தப்பித்தால் நீயும் தப்பிப்பாய். நீ தப்பித்தால் மரியூத்சா மறுபடி புறப்படும், என் மகள் அதில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் அழுதால் போகாமல் நிற்கமாட்டாள். அவள் அப்பா தடுத்தாலும் நிற்கமாட்டாள். படகு ஓடாவிட்டால்தான் நிற்பாள்.

ஆகையால் நீயே போய் உண்மையைச் சொல்லிவிடு. நேர்மைக்காக என்று கேட்கவில்லை, எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. என் பெண்ணுக்காகக் கேட்கிறேன். உன் தொழிலை, உன் சோற்றைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அகத்தினா


ஸ்ட்ரோம்போலி
ஆகஸ்ட் 1

அக்கா,

அவளுக்கு முந்தி இந்தக் கடிதம் வந்து சேராது. அவள் என்ன சொன்னாளோ தெரியாது. நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் கையில் வந்ததும் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். அக்காவா இவள் என்று நினைத்தேன். பிறந்த வீட்டையே அறுத்துப் போடச் சொல்கிறாளே என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. லிபாரிக்குப் போகும்போதுகூட வெளியேதான் நின்றோம் என்று சொல்வதாகத்தான் போனேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நீனோ சொன்னான், மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாரும் வெளியே. பிறகு ஒர்னெல்லாவைக் கூப்பிட்டார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக் கட்டை மறைத்திருந்தாள். அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்தார். முடிகிற நேரத்தில் வெளியே ரோட்டில் யாரோ லாரியின் பின்கதவைப் படாரென்று சாத்தினார்கள். அவள் அப்படியே தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிமிர்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, சிரித்துக்கொண்டே, "மன்னிக்கணும் சார். மாமா ரொம்ப ஜாக்கிரதையானவர், அவர்கூட எனக்குப் பயமே கிடையாது" என்றாள்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சார், இவ சொல்றது பொய்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, உக்காருங்க" என்று மெதுவாகச் சொன்னாள், எனக்கு உடம்பு சரியில்லை போல. நான் உட்காரவில்லை. எங்கே நின்றேன், எப்படி உள்ளே போனேன், எஞ்சினை நிறுத்தினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் திரியெஸ்தே அம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். இவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லச் சொன்னதைச் சொன்னாள் என்றேன். அது மட்டும் முழு உண்மையில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டார். என் படகைப் பற்றித்தான் எனக்குத் தெரியும் என்றேன். நான் கோழைதான், அதற்குமேல் வரவில்லை.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அபராதம், வழக்கு எல்லாம் இனிமேல்தான். வெளியே வந்தபோது ஒர்னெல்லா படியில் நின்றாள். "உங்களுக்காக நான் பொய் சொன்னேன். நீங்க என்னை அத்தனை பேர் முன்னாடி பொய்க்காரின்னு சொல்லிட்டீங்க" என்றாள். மிலாத்சோ கப்பலில் ஏறினாள். கடைசி வரைக்கும் கரையில் நின்றேன், கப்பலின் மேல்தளத்துக்கு அவள் வரவில்லை.

ஊர் திரும்பியதிலிருந்து காப்பிக்கடையில் எனக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறார்கள், பேசமாட்டேன் என்கிறார்கள். நீனோ நேற்று மாலையே படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னிடம் வர வேண்டிய ஆட்களும் அவனோடுதான் போனார்கள். மரியூத்சாவைக் கப்பிக்கயிற்றால் கரைக்கு இழுத்துப் போட்டு மூடிவிட்டேன். தனியாக இழுத்தேன், யாரும் கை கொடுக்கவில்லை. முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது.

அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் எழுது.

ஒனோஃப்ரியோ


மிலாத்சோ
ஆகஸ்ட் 5

தம்பி,

சாப்பிடவில்லை. முந்தாநாள் அரை பீச் பழம். நேற்று உன் அத்தான் கெஞ்சியதற்காக இரண்டு வாய் பாஸ்தா. என்னிடம் பேசவில்லை. நான் உனக்கு எழுதியதில் பாதியை ஊகித்துவிட்டாள். "நீதான் எழுதினியா மாமாவுக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன்மேல் எனக்கும் கோபம்தான், சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்லச் சொன்னேன், என் பெண்ணை நாலுபேர் நடுவில் குனிய வைக்கச் சொல்லவில்லை. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நீ எழுந்திருந்தால் என்ன? கடைசிவரை காத்திருந்தாய். அதுவும் உன் குணம்தான். கேட்டதைச் செய்த பிறகும் குறை சொல்கிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள், எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முப்பத்தொன்றாம் தேதிக் கப்பல் அவள் இல்லாமல் போயிற்று. நான் வீட்டிலிருந்தே ஊதல் சத்தத்தைக் கேட்டேன். அதை அவள் அறைக்குள்ளிருந்து கேட்டிருப்பாள். டிக்கெட் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது.

நீனோவின் படகைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் யாருடைய பிள்ளைகள் இருக்கிறார்களோ. அந்தத் தாய்மார்களுக்கு எழுத எனக்கு விலாசம் தெரியாது. லிவியா அம்மாவிடம் போய் நான் யார் என்று சொல்லிவிட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சாறு கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டார். சனிக்கிழமை ஊருக்கு அனுப்புகிறார்களாம். உனக்குத் தைரியமிருந்தால் அதற்குள் வந்து பார்.

குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடு. பள்ளிக்கூடத்தில் சாமான் ஏற்றி இறக்க ஆள் தேடுகிறார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். அவள் உன்னோடு பேசமாட்டாள். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. வருஷக்கணக்கானாலும் ஆகலாம், நம் வீட்டுப் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

இதை எழுதுகிறபோது பக்கத்து அறையில் அழுதுகொண்டிருக்கிறாள். சுவர் மெல்லியது. மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்கிறது. உன்னைத் திட்டுகிறாள், என்னைத் திட்டுகிறாள், கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். உன் அத்தான் எழுந்து போய்ச் சமாதானம் செய்யப் பார்த்தார். வேண்டாம், அழட்டும் விடுங்கள் என்று உட்கார வைத்துவிட்டேன். அங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிகிறதே, அது போதும்.

அக்கா